டைட்டன்: மைல்கல் பட்டியலில் விட்டுப்போனது என்ன?

#1 பங்குப்பித்தன் · சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். "கம்பெனியைப் படிக்காம பங்கு வாங்காதே"ன்னு இங்க பெரியவங்க சொல்லிச் சொல்லி, ரெண்டு வாரமா டைட்டன் ஆண்டறிக்கைகளோட உட்கார்ந்திருக்கேன். நான் குறிச்சு வச்சது இது:

1984 ஜூலையில பதிவு. 1987-ல முதல் வாட்ச் சந்தைக்கு வருது. 1990-கள் நடுவுல தனிஷ்க் நகைக்கடை. 1998 ஃபாஸ்ட்ராக். 2002 எட்ஜ்ங்கற ஒல்லி வாட்ச். 2007 கண்ணாடிக் கடை. 2013-ல ஸ்கின் வாசனைத் திரவியம். 2016-ல இணைய நகைக்கடை கேரட்லேன்ல பெரும்பங்கு. 2017 தனேரா சேலை. 2023 நவம்பர்ல சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி.

படிக்கப் படிக்க ஏணிப்படி மாதிரியே இருக்கு. ஒரு படியில கூடவா கால் வழுக்கல? நாப்பது வருஷத்துல எந்தக் கம்பெனியும் இப்படி நேரா ஏறியிருக்காதுன்னு எனக்கே தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொரு சந்தேகம். பங்குதாரர் பட்டியல்ல டாடாவுக்கு மேல "டிட்கோ, 27.88 சதவீதம்"னு இருக்கு. டாடா மொத்தமே 25 சொச்சம்தான். இது அச்சுப்பிழையா?

#2 வெற்றுவேட்டு · சனி, இரவு 9:20

அச்சுப்பிழை இல்ல தம்பி. நம்ம அரசாங்கம் வாங்கி வச்சுட்டு மறந்துபோன ஒரே நல்ல சரக்கு அது.

#3 ஐந்தொகை · சனி, இரவு 10:05

மறந்துபோகவில்லை, வெற்றுவேட்டு. வருடா வருடம் லாபத்தில் பங்காக டிவிடெண்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தம்பி பங்குப்பித்தனுக்கு: டிட்கோ என்பது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம். 1965இல் தொடங்கியது, முழுக்க மாநில அரசுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் எதைத் தயாரிக்க வேண்டுமானாலும் டெல்லியில் உரிமம் வாங்க வேண்டும். எத்தனை உருப்படி தயாரிக்கலாம் என்பதுகூட உரிமத்தில் எழுதியிருக்கும். டாடா மாதிரி பெரிய குழுமங்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் கெடுபிடி வேறு. மாநில அரசுக் கழகம் ஒன்று கூட்டாளியாக நின்றால் காரியம் கொஞ்சம் சுலபம். மாநிலத்துக்கும் தொழிற்சாலை கிடைக்கும். 'கூட்டுத் துறை' என்று அதற்குப் பெயர். அப்படிப் பிறந்ததுதான் டைட்டன். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: டாடா இண்டஸ்ட்ரீஸின் 'டிஐ', தமிழ்நாட்டின் 'டேன்'.

இன்றைக்கும் இயக்குநர் குழுவின் தலைவர் நாற்காலி டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு. நிர்வாக இயக்குநர் டாடா தரப்பு. கடையில் எந்த நகை வைக்கலாம் என்று கோட்டையிலிருந்து யாரும் உத்தரவு போட்டதில்லை. அரசு காட்டிய இந்தச் சுயக்கட்டுப்பாட்டை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

டிட்கோ கையில் இருப்பது சுமார் 24.75 கோடி பங்குகள். ஒரு பங்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 74,000 கோடிக்கு மேல். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

டிட்கோ தொட்டதெல்லாம் பொன்னாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தூத்துக்குடி ஸ்பிக்கும் இதே கூட்டுத் துறைக் குழந்தைதான். அந்த உர ஆலை சில வருடங்கள் மூடியே கிடந்தது.

#4 மத்திகிரி · சனி, இரவு 10:31

ஓசூர்லேர்ந்து ஒருத்தன் வந்துட்டேன். இந்த இழையில நான் இல்லாம எப்படி.

அப்போ இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாப் பிரிஞ்சதே 2004-லதான். பின்தங்கிய மாவட்டம்னு சலுகை குடுத்து சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கம்பெனிகளைக் கூப்பிட்டாங்க. லேலண்டு வந்துச்சு, டிவிஎஸ் மொபெட் வந்துச்சு. பெங்களூரு நாப்பது கிலோமீட்டர். அதிகாரிங்க அங்கேர்ந்து வந்துட்டுப் போகலாம், தொழிலாளி இங்க கிடைப்பான். கணக்கு அதுதான்.

எங்க அத்தை டைட்டன்ல சேர்ந்தப்ப பதினெட்டு வயசு. ஊத்தங்கரைப் பக்கம் கிராமம், வீட்டுல ஆடு மேய்ச்சுக்கிட்டே படிச்சவங்க. அனுபவம் உள்ள ஆளே வேண்டாம், பள்ளிக்கூடம் முடிச்ச பசங்களை எடுத்து நாமளே பழக்கலாம்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. கிராமம் கிராமமாப் போய் ஆள் எடுத்தாங்க. வந்த பசங்களுக்கு ஊர் புதுசு, வேலை புதுசு. அதனால வாடகைக்கு வீடு எடுத்து, ஒவ்வொரு வீட்டுலயும் அப்பா அம்மா ஸ்தானத்துல ஒரு தம்பதியைக் குடிவச்சாங்க. அத்தை இன்னைக்கும் அந்தம்மாவை "வீட்டம்மா"ன்னுதான் சொல்லும்.

வேலை என்னன்னா, தூசி இல்லாத கூடத்துல வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்து, கண்ணுல லென்ஸ் மாட்டி, ட்வீசர்ல எள்ளு மாதிரி பல்சக்கரத்தை எடுத்து வைக்கணும். தலையில பூ கூடாது, மூஞ்சியில பவுடர் கூடாது. "ஆறு மாசம் கனவுல கூட ட்வீசர்தான்டா"ன்னு சொல்லும். முதல் சம்பளத்துல தாத்தாவுக்கு வேட்டி வாங்குச்சு. அடுத்த வருஷம் அவருக்கு வாட்ச். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனா கழட்டவே மாட்டாரு.

இதெல்லாம் ஆண்டறிக்கையில வராது.

#5 சாவிகொடு · சனி, இரவு 11:02

மத்திகிரி தம்பி, உங்க அத்தைக்கு என் வணக்கம். நான் முப்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பார்த்தவன். டைட்டன் வந்து எங்க பொழப்பு மாறினதை நேர்ல பார்த்தேன்.

அதுக்கு முன்னாடி இந்த நாட்டுல வாட்ச்னா ஹெச்எம்டி. 1961-ல ஜப்பான் சிட்டிசன் உதவியோட பெங்களூருல ஆரம்பிச்சது. ஜனதா, பைலட், கோஹினூர். காலையில எழுந்ததும் சாவி குடுக்கணும். நல்ல வாட்ச், பொய் சொல்ல மாட்டேன், கீழ விழுந்தாலும் ஓடும். ஆனா வாங்குறதுக்குத் தவம் கிடக்கணும். டிசைன் வேணும்னா ஒரே வழி பர்மா பஜார், கடத்தல் வாட்ச். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு சீக்கோ வேணும்னா யாராவது சிங்கப்பூர்லேர்ந்து வரணும்.

டைட்டன் எடுத்த ஒரு முடிவுதான் எல்லாத்தையும் மாத்திச்சு: முழுக்க குவார்ட்ஸ். சாவி கிடையாது, ஒரு சின்ன செல். குவார்ட்ஸ் கல்லு நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதை எண்ணி நொடிக்கு ஒரு துடிப்பு எடுத்து முள்ளை நகர்த்தும். ஒரு நல்ல சாவி வாட்ச் ஒரு நாள்ல காட்டுற வித்தியாசத்தை இது ஒரு மாசத்துல காட்டினாலே அதிகம். நுட்பம் பிரான்ஸ் எபோஷ்ங்கற கம்பெனிகிட்ட வாங்கினாங்க. ஹெச்எம்டியிலேர்ந்தும் நிறைய இன்ஜினியர்ங்க ஓசூருக்கு வந்தாங்க.

ஹெச்எம்டியும் குவார்ட்ஸ் போட்டுப் பார்த்தது, ஆனா மனசு வைக்கல. ஜனங்க சாவி வாட்ச்தான் கேப்பாங்கன்னு இருந்துட்டாங்க. 2016 ஜனவரியில ஹெச்எம்டி வாட்சை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த அன்னைக்கு நான் கடையைத் திறக்கல.

#6 வெற்றுவேட்டு · சனி, இரவு 11:10

ஆக அரசு நடத்துன வாட்ச் கம்பெனி செத்துச்சு, அரசு நடத்தாம பங்கு மட்டும் வச்சிருந்த வாட்ச் கம்பெனி பொழைச்சுது.

#7 சாவிகொடு · சனி, இரவு 11:24

அவ்வளவு லேசா முடிச்சுடாதீங்க. ஹெச்எம்டி இல்லேன்னா இந்த நாட்டுல வாட்ச் செய்யத் தெரிஞ்ச இன்ஜினியரே இருந்திருக்க மாட்டான். டைட்டன் யார்கிட்டேர்ந்து ஆள் எடுத்திருக்கும்?

டைட்டன் இன்னொன்னும் பண்ணுச்சு. வாட்ச் கடைன்னா அப்போ ஒரு கண்ணாடி அலமாரி, பின்னாடி என்னை மாதிரி ஒருத்தன் லென்ஸோட குனிஞ்சு உட்கார்ந்திருப்பான். இவங்க ஏசி போட்ட சொந்த ஷோரூம் திறந்தாங்க. பேப்பர்ல பக்கம் முழுக்க வாட்ச் படம், கீழ விலை. டிவியில மோட்ஸார்ட்டோட 25-வது சிம்பொனி. என் பையன் அது மோட்ஸார்ட்னு கண்டுபிடிச்சப்ப அவன் காலேஜ்ல இருந்தான். அதுவரைக்கும் எங்க வீட்டுல அது "டைட்டன் பாட்டு".

"பரிசா குடுங்க"ன்னு சொல்லியே வித்தாங்க. அப்பா கட்டினது மகன் கட்டுவான்ங்கற சாமான், பொறந்தநாளுக்கு வாங்குற சாமானா ஆயிடுச்சு.

#8 பங்குப்பித்தன் · ஞாயிறு, காலை 7:50

ராத்திரி தூங்கிட்டேன், காலையில பார்த்தா புதையல். எல்லாருக்கும் நன்றி. ஆனா இதுவரை சொன்னது எல்லாமே ஜெயிச்ச கதைதானே? என் கேள்வி வழுக்கினதைப் பத்தி.

#9 ஐந்தொகை · ஞாயிறு, காலை 9:15

நியாயமான கேள்வி. காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகத்தான் எழுதுவேன்.

உங்கள் பட்டியலில் 1987க்கும் 2002க்கும் நடுவே தனிஷ்க், ஃபாஸ்ட்ராக் என்று இரண்டே வரி. பதினைந்து வருடம் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் அடி வாங்கினார்கள்.

முதல் அடி, டைமெக்ஸ். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க டைமெக்ஸுடன் கூட்டு. விலை குறைந்த வாட்ச் டைமெக்ஸ் பெயரில், விலை கூடியது டைட்டன் பெயரில் என்று ஏற்பாடு. சில வருடங்களில் உறவு முறிந்தது. கீழ்த்தட்டுச் சந்தையை வேறொருவர் பெயருக்கு வளர்த்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் சோனாட்டா.

இரண்டாவது, ஐரோப்பா. லண்டனில் அலுவலகம் போட்டு, சுவிஸ்காரர்கள் ஊரிலேயே போய் வாட்ச் விற்கப் போனார்கள். இந்தியாவில் செய்த கைக்கடிகாரத்தை அந்த விலைக்கு வாங்க ஐரோப்பாக்காரன் தயாராக இல்லை. பணம் கரைந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது தனிஷ்க். ஆமாம், இன்றைக்கு வருமானத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கொண்டுவரும் அதே நகைப் பிரிவுதான். அது இந்தியப் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டதே அல்ல. 1991 அன்னியச் செலாவணி நெருக்கடி நினைவிருக்கிறதா? வாட்ச் பாகங்கள் இறக்குமதி செய்ய டாலர் வேண்டும், டாலர் வேண்டுமானால் எதையாவது ஏற்றுமதி செய்ய வேண்டும். நகை செய்து அனுப்பலாம் என்று ஓசூரில் ஆலை கட்டினார்கள். ஆலை எழுந்து நிற்பதற்குள் தாராளமயம் வந்து டாலர் பிரச்சினையே போய்விட்டது. கட்டிய ஆலையை என்ன செய்வது? சரி, இங்கேயே விற்போம் என்று 1996இல் சென்னை கதீட்ரல் சாலையில் முதல் கடை.

விற்றது என்ன தெரியுமா? 18 காரட், கல் பதித்தது, மேல்நாட்டு டிசைன். மயிலாப்பூர் மாமி உள்ளே வந்து பார்த்துவிட்டு "இது தங்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வருடக் கணக்கில் நஷ்டம். நகைப் பிரிவை மூடிவிடலாமா என்று மேலிடத்திலேயே பேச்சு நடந்தது.

கம்பெனியை உருவாக்கிய ஜெர்க்சிஸ் தேசாய் பிடிவாதக்காரர். அழகு, தரம், பெரிய கனவு எல்லாம் உள்ளவர், 2016இல் காலமானார். அவர் இல்லாவிட்டால் டைட்டன் இல்லை. ஆனால் ஐரோப்பாவும் 18 காரட்டும் அதே பிடிவாதத்தின் மறுபக்கம். 2002இல் அவர் ஓய்வு பெற்று பாஸ்கர் பட் பொறுப்பேற்றபோது கையில் இருந்தது நல்ல பெயர், நிறையக் கடன். பட் நம் ஐஐடி மெட்ராஸில் படித்தவர், 2019 வரை ஓட்டினார். அந்தப் பதினேழு வருடங்களில்தான் நீங்கள் சொல்லும் ஏணி வருகிறது.

கம்பெனிப் பெயர் இரண்டு முறை மாறியதைக் கவனித்தீர்களா? முதலில் டைட்டன் வாட்சஸ், பிறகு டைட்டன் இண்டஸ்ட்ரீஸ், 2013இலிருந்து வெறும் டைட்டன் கம்பெனி. வாட்ச் என்ற சொல் பெயரிலிருந்து விழுந்தபோது நகை இன்னும் பிள்ளைப்பூச்சிதான். பாம்பாக வளரும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

#10 காவிரிக்கரை · ஞாயிறு, காலை 10:02

ஐந்தொகை சார், மாமிகளை மட்டும் சொல்லாதீங்க, நானும்தான் அப்போ அப்படிக் கேட்டேன் 😀 18 காரட்டை அடகு வைக்கப் போனா என்ன குடுப்பான்? அதுதான் முதல் கேள்வி. நகைன்னா நமக்கு அலங்காரம் பாதி, ஆபத்துக்கு உதவுறது பாதி.

என்னை அந்தக் கடைக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போனது காரட்மீட்டர்தான். 2000 வாக்குல. நகையை ஒரு பெட்டிக்குள்ள வச்சா, ரெண்டு மூணு நிமிஷத்துல எத்தனை காரட்னு திரையில காட்டும். உருக்க வேண்டாம், உரச வேண்டாம். என் கல்யாண வளையல் நாலும் 22-ன்னு சொல்லி வாங்கினது. கடை பேர் வேண்டாம், எங்க ஊர்ல மூணு தலைமுறையா நம்பின கடை. 19 சொச்சம் காட்டுச்சு. எங்கம்மா அந்த இடத்துலயே உட்கார்ந்துட்டாங்க. தங்கத்துக்காக அழல. "உங்கப்பா சைக்கிள்லயே போய் வந்து சேர்த்த காசுடி"ன்னு அழுதாங்க.

அப்போ ஒரு திட்டம் வச்சிருந்தாங்க, 19 காரட்டுக்கு மேல இருந்தா 22 காரட்டாவே எடுத்துக்கிட்டு நகை மாத்திக் குடுத்தாங்க. மாத்திக்கிட்டோம். அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல வேற கடை இல்ல.

#11 தஞ்சைப்பத்தர் · ஞாயிறு, காலை 11:40

அக்கா, உங்க அம்மா அழுதது நியாயம். ஆனா அந்த மிஷின் எங்க பொழப்பு மேல விழுந்த இடி, அதையும் யாராவது எழுதணும்ல.

நாலு தலைமுறை பத்தர் குடும்பம். 22 காரட் தங்கத்துல வளையல் செஞ்சாலும், இணைப்புக்குப் பொடி வச்சு ஊதணும். தங்கத்துக்கு முன்னாடி உருகுறதுதானே பொடி? அப்போ அதுல வெள்ளி, செம்பு கலந்துதான் ஆகணும். நிறைய இணைப்பு உள்ள நகையை மொத்தமா உருக்கினா காரட் குறையத்தான் செய்யும். இது திருட்டு இல்ல, தொழில். பின்னாடி கேடிஎம் வந்துச்சு, காட்மியம். காரட் குறையாது, ஆனா அந்தப் புகையை மூச்சுல இழுத்தவன் நுரையீரல் போச்சு. எங்க சித்தப்பா அதுலதான் போனாரு.

அப்புறம் அந்தக் காரட்மீட்டர் ஒரு எக்ஸ்ரே மிஷின், அது படிக்கிறது மேல் தோலைத்தான். பொடி வச்ச இடத்துல பட்டா ஒன்னு காட்டும், பக்கத்துல பட்டா வேற காட்டும்.

22-ன்னு சொல்லி 19 வித்தவன் அயோக்கியன், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஊர்ல இருந்த பத்தர் எல்லாரும் திருடன்ங்கற மாதிரி விளம்பரம் போச்சு. உரைகல்லு வச்சிருந்த எங்கப்பாகிட்ட ஒரு சின்னப் பொண்ணு வந்து "மிஷின் இருக்கா தாத்தா"ன்னு கேட்டுச்சு. அவர் அதுக்கப்புறம் பட்டறைக்கு வரதையே குறைச்சுக்கிட்டாரு.

#12 காவிரிக்கரை · ஞாயிறு, மதியம் 12:15

தம்பி, பொடி விஷயம் எனக்குத் தெரியாது. இப்போதான் கேக்குறேன். எங்க வளையல்ல இணைப்பு அதிகமா இருந்துச்சோ என்னவோ. ஆனா அந்தக் கடைக்காரர் இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? பில்லுல "22"ன்னு எழுதிக் குடுத்துட்டு, செய்கூலி சேதாரம் தனியா வாங்கிட்டு, பொடியையும் தங்க விலைக்கு வித்தா நாங்க என்ன சொல்றது?

#13 தஞ்சைப்பத்தர் · ஞாயிறு, மதியம் 12:48

அது பத்தர் பில்லு இல்ல அக்கா, கடைக்காரர் பில்லு. எங்களுக்குக் கூலி கிராம் கணக்குல. ஆனா நீங்க கேட்டதுல தப்பே இல்ல.

இன்னொன்னையும் சொல்லிடறேன், நியாயம்னா ரெண்டு பக்கமும் பேசணும். என் மச்சான் ஓசூர்ல அவங்க காரிகர் பார்க்ல, அதாவது பத்தருங்களுக்கான பட்டறைக் கூடத்துல, கொஞ்ச காலம் வேலை பார்த்தான். வெளிச்சம், காத்தோட்டம், புகையை இழுக்குற குழாய், நாற்காலியில உட்கார்ந்து வேலை. நாங்க தரையில சம்மணம் போட்டு, ஊதுகுழல்ல நெஞ்சு வலிக்க ஊதி வளர்ந்தவங்க. "இங்க எனக்கு முதுகு வலிக்கல மாமா"ன்னு அவன் சொன்னது ஞாபகம் இருக்கு. ஹால்மார்க் 2021 ஜூன்லேர்ந்து கட்டாயம் ஆனதும் நல்லதுதான். ஆனா சின்னப் பட்டறை வச்சிருக்கறவனுக்கு அது எவ்வளவு அலைச்சல்னு கேட்டுப் பாருங்க.

#14 மத்திகிரி · ஞாயிறு, மதியம் 1:30

காரிகர் பார்க் சொன்னதும் ஞாபகம் வருது. ஓசூர்ல "மீடோ"ன்னு ஒரு கம்பெனி இருக்கு. கிராமத்துப் பொண்ணுங்களே பங்குதாரர், அவங்களே முதலாளி. மைராடாங்கற தொண்டு நிறுவனம் 1990-கள்ல தொடங்கி வச்சது. வாட்ச் செயினைக் கோக்குறது, நகை வேலைன்னு டைட்டனுக்குச் செஞ்சு குடுக்குறாங்க. காது கேக்காதவங்க, பேச முடியாதவங்களையும் ஆரம்பத்துலேர்ந்தே ஆலையில எடுத்தாங்க. அத்தையோட லைன்ல ரெண்டு பேரு. அத்தைக்கு சைகை மொழி அவங்க சொல்லிக் குடுத்ததுதான், இன்னைக்கும் பேரன் பேத்திங்க கூட சைகையிலயே திட்டும்.

#15 சாவிகொடு · ஞாயிறு, மதியம் 2:10

எல்லாரும் நகைக்குப் போயிட்டீங்க. எட்ஜை ஒரு வரியில தாண்டிப் போக விட மாட்டேன்.

வாட்ச்சோட மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர். பழைய ஃப்ளாப்பி டிஸ்க் ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அந்தக் கனம். உள்ள ஓடுற இயந்திரம், மூவ்மென்ட்னு சொல்லுவோம், அது 1.15 மில்லிமீட்டர். அதுக்கு மேல டயல், ரெண்டு முள்ளு, கண்ணாடி, கீழ மூடி. இதுல தண்ணி வேற போகக் கூடாது. ஒல்லி வாட்ச் சுவிஸ்காரன் முன்னாடியே செஞ்சிருக்கான், ஆனா தண்ணிக்குத் தாங்குற மாதிரி இவ்வளவு ஒல்லியா முடியாதுன்னு சொல்லிட்டான். ஓசூர்ப் பசங்க சுமார் நாலு வருஷம் உட்கார்ந்து முடிச்சாங்க.

ஒன்னு என்கிட்ட செல் மாத்த வந்துச்சு. பின்மூடியைத் திறந்து பார்த்துட்டு அப்படியே மூடி, "கம்பெனிக்கே கொண்டு போங்க"ன்னு குடுத்துட்டேன். முப்பது வருஷத்துல நான் பயந்து திருப்பிக் குடுத்தது அது ஒன்னுதான்.

அந்த நுணுக்கத்தை வாட்ச்சோட விட்டுடல. வாட்ச் பாகம் செய்ய அவங்களே கருவி, மிஷின் எல்லாம் பண்ணிப் பழகியிருந்தாங்க. அதையே தனித் தொழிலா ஆக்கினாங்க. இப்போ ஓசூர்லேர்ந்து விமானப் பாகம், மத்த ஆலைகளுக்குத் தானியங்கி மிஷின் எல்லாம் போகுது. கடையில பார்க்க முடியாததால யாருக்கும் தெரியல.

#16 பங்குப்பித்தன் · ஞாயிறு, மாலை 4:20

பெரிய பங்கு முதலீட்டாளர் ஜுன்ஜுன்வாலா இதைத்தான் 2002, 2003-ல பார்த்து டைட்டன் பங்கு வாங்கினாரா? அந்த விலையை நினைச்சா வயிறு எரியுது.

#17 ஐந்தொகை · ஞாயிறு, மாலை 5:05

எரியட்டும், அது செரிமானத்துக்கு நல்லது.

2011இல் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்து, அதன்மேல் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவச போனஸும் கொடுத்தார்கள். அன்றைய ஒரு பங்கு இன்றைக்கு இருபது. அந்தக் கணக்கில் 2003 வாக்கில் டைட்டன் விலை ஒற்றை இலக்கம். அவர் வாங்கினார், அது பெரிய செய்தியில்லை. எத்தனையோ பேர் வாங்கினார்கள். 2022 ஆகஸ்டில் இறக்கும்வரை அவர் பெரும்பகுதியை வைத்திருந்தார் என்பதுதான் செய்தி. நடுவில் 2008 பங்குச் சந்தைச் சரிவு வந்தது, 2013 வந்தது.

2013 என்ன என்று கேட்பீர்கள். நகைக்கடையின் லாபம் தங்கத்தில் இல்லை தம்பி, தங்கம் யார் பணத்தில் அலமாரியில் இருக்கிறது என்பதில்தான். டைட்டன் வங்கியிடமிருந்து தங்கத்தைக் குத்தகை மாதிரி எடுக்கும். சில மாதங்களுக்குள் விற்றால் போதும், விற்கும் அன்றைய விலையில் கணக்குத் தீரும். தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் பாதிப்பு குறைவு, வட்டியும் சொற்பம். டாலர் வெளியே போகிறது என்று 2013இல் ரிசர்வ் வங்கி இந்தக் கடன் முறைக்குக் கடிவாளம் போட்டது. முழுத் தொகை கொடுத்துத் தங்கம் வாங்க வேண்டிய நிலை. பங்கு விழுந்தது.

அது ஆறுவதற்குள் 2014இல் புதிய கம்பெனிச் சட்டத்தின் டெபாசிட் விதிகள். நகைச் சீட்டு அதில் மாட்டிக்கொண்டது. மாதம் மாதம் கட்டினால் கடைசித் தவணையைக் கம்பெனி போடும் கோல்டன் ஹார்வெஸ்ட் திட்டத்தை நிறுத்தி, விதிக்கு ஏற்பத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். சீட்டுப் பணம் என்பது வாடிக்கையாளர் முன்கூட்டியே தரும் முதலீடு. அது இல்லாமல் நகைக்கடை நடத்துவது தண்ணீர் இல்லாமல் நாற்று நடுவது போல. இரண்டு வருடம் திணறித்தான் மீண்டார்கள்.

உங்கள் பட்டியலில் 2013க்கு நேரே வாசனைத் திரவியம் என்று இருக்கிறது. கம்பெனிக்கே அந்த வருடம் அவ்வளவு மணமாக இருந்திருக்காது.

#18 காவிரிக்கரை · ஞாயிறு, மாலை 5:30

அந்தச் சீட்டு நின்ன வருஷம் என் பொண்ணுக்கு எடுக்க வேண்டிய ஆரம் தள்ளிப் போச்சு. காரணம் இன்னைக்குத்தான் தெரியுது.

#19 வெற்றுவேட்டு · ஞாயிறு, மாலை 6:00

கேரட்லேன் கணக்கை யாராவது சொல்லுங்களேன். சென்னைக் கம்பெனியாமே?

#20 பங்குப்பித்தன் · ஞாயிறு, மாலை 6:25

அது நான் சொல்றேன், இதுலயாவது என் வீட்டுப்பாடம் உதவட்டும். 2008-ல ஆரம்பிச்சது, சென்னைதான் தலைமையகம். இணையத்துல நகை விக்கிறது. 2016-ல டைட்டன் 62 சதவீதப் பங்கை 357 கோடிக்கு வாங்குச்சு. அப்புறம் 2023-ல நிறுவனர் குடும்பத்துகிட்ட மிச்சமிருந்த 27.18 சதவீதத்துக்குக் குடுத்தது 4,621 கோடி.

அதாவது ஏழு வருஷத்துல, பாதிக்கும் குறைவான பங்குக்குப் பதிமூணு மடங்கு விலை. 2016-லேயே மொத்தமா வாங்கியிருந்தா? இதை ஏன் எல்லாரும் வெற்றின்னு எழுதுறாங்கன்னு புரியல.

#21 ஐந்தொகை · ஞாயிறு, மாலை 7:10

நிறுவனர் கையில் பங்கு இருந்ததால்தான் அவர் அந்த ஏழு வருடம் உழைத்தார் என்றும் பார்க்கலாம். இதில் சுவையான விஷயம் வேறு. கேரட்லேன் விற்றது என்ன? லேசான எடை, 18 காரட்டும் 14 காரட்டும், அன்றாடம் போடும் டிசைன். 1996இல் கதீட்ரல் சாலையில் வைத்து அடி வாங்கிய அதே சரக்கு. இருபது வருடம் கழித்து அலுவலகம் போகும் பெண்கள் தங்கள் சம்பளத்தில் வாங்கினார்கள். அவர்களுக்கு அடகுக்கடைக் கணக்கு இல்லை.

#22 காவிரிக்கரை · ஞாயிறு, மாலை 7:22

என் பொண்ணு அதேதான் வாங்குறா. "இதை அடகு வச்சா என்னடி கிடைக்கும்"னு நான் கேட்டா, "அம்மா, இதை நான் ஏன் அடகு வைக்கணும்?"ங்கறா.

#23 வெற்றுவேட்டு · ஞாயிறு, இரவு 8:15

சரி, நான் நிஜமாவே ஒரு கேள்வி கேக்கறேன், கிண்டல் இல்ல. மாநிலக் கடன் 8 லட்சம் கோடிக்கு மேல. டிட்கோகிட்ட 74,000 கோடி மதிப்புள்ள பங்கு சும்மா கிடக்கு. டிவிடெண்ட் பங்குக்கு 11 ரூபாய்னா வருஷத்துக்கு 272 கோடி. அதே 74,000 கோடிக் கடனை அடைச்சா, 7 சதவீத வட்டின்னு வச்சாலும் வருஷம் 5,000 கோடி மிச்சம். வித்துட்டு பள்ளிக்கூடம் கட்டலாமே? வாட்ச் விக்கிறதும் மூக்குத்தி விக்கிறதுமா அரசாங்கத்தோட வேலை?

#24 தஞ்சைப்பத்தர் · ஞாயிறு, இரவு 8:31

நல்லா இருக்கே. குடும்பத்து நகையை வித்து மளிகைக் கடன் அடைக்கிற கதை.

#25 ஐந்தொகை · ஞாயிறு, இரவு 9:00

வெற்றுவேட்டு சொல்லும் வட்டிக் கணக்கு சரி. நான் பணியில் இருந்தபோது இதே கணக்கை இதைவிடச் சின்ன எண்களோடு பலர் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2003இல் டிட்கோ தன் பங்கு முழுவதையும் விற்றிருந்தால், அன்றைய ஒற்றை இலக்க விலையில் 250 கோடிகூட வந்திருக்காது. இன்றைக்கு ஒரே வருட டிவிடெண்ட் அதைவிட அதிகம்.

இதை வைத்து 'எப்போதும் விற்காதே' என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு விற்காததற்குத் தொலைநோக்கு காரணமா, கோப்பு நகராதது காரணமா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். ஒரே மூச்சில் 27 சதவீதத்தைச் சந்தையில் கொட்டினால் 3,000 ரூபாய் விலையும் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக விற்று, வரும் பணத்தை வருவாய்ச் செலவில் கரைக்காமல் ஓசூர் மாதிரி இன்னும் நாலு ஊருக்கு முதலாகப் போட்டால் நான் கை தூக்குவேன். பற்றாக்குறையை மூடுவதற்கு என்றால் மாட்டேன்.

#26 மத்திகிரி · ஞாயிறு, இரவு 9:18

விக்கிறதோ வைக்கிறதோ, தலைவர் நாற்காலி போச்சுன்னா நாளைக்கு ஆலையை வேற மாநிலத்துக்கு மாத்தறேன்னா கேக்க யாரு இருப்பா? வாட்ச் கோக்குற வேலையில கொஞ்சம் ஏற்கெனவே உத்தரகாண்ட் பக்கம் போயிடுச்சு, வரிச் சலுகைக்காக. எங்க ஊர்க்காரங்களுக்கு அந்த 27 சதவீதம் ஒரு பூட்டு மாதிரி.

#27 வெற்றுவேட்டு · ஞாயிறு, இரவு 9:26

இப்போ இருக்குற ஆட்சி விக்குமா, முந்தின ஆட்சி வித்திருக்குமான்னு கேட்டா...

#28 நெறியாளர் · ஞாயிறு, இரவு 9:29

கேக்க வேண்டாம். கட்சி அரசியலுக்குத் தனிப் பகுதி இருக்கு. டிட்கோ பங்கு விற்பனை பற்றித் தொடர விரும்புறவங்க புது இழை தொடங்குங்க, இங்க சுட்டி மட்டும் குடுங்க.

#29 பங்குப்பித்தன் · திங்கள், காலை 8:05

என் பட்டியலைத் திருத்திட்டேன். டைமெக்ஸ் முறிவு, லண்டன், 18 காரட், 2013, 2014 எல்லாத்தையும் சிவப்பு மசியில நடு நடுவுல சேர்த்தேன். இப்போ பாதிப் பக்கம் சிவப்பு. 2025-ல துபாய் டமாஸ் நகைக்கடைகள்ல 67 சதவீதம் வாங்கப் போறதா அறிவிச்சதைப் பென்சில்லதான் எழுதியிருக்கேன். அது எந்த நிறம்னு அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்.

மத்திகிரி அண்ணா, அத்தைகிட்ட ஒன்னு கேட்டுச் சொல்ல முடியுமா? கம்பெனியில இருந்த காலத்துல அவங்க மறக்க முடியாத நாள் எது?

#30 மத்திகிரி · திங்கள், இரவு 9:47

கேட்டேன் தம்பி. நான் எட்ஜ் சொல்லும், இல்ல முதல் நாள் சொல்லும்னு நினைச்சேன். அதெல்லாம் இல்ல. ஒரு தடவை லைன் லீடர் அத்தை கோத்த வாட்ச்சைத் திருப்பி அனுப்பிட்டாராம், டயல்ல தூசி இருக்குன்னு. லென்ஸ்ல பார்த்தா தூசி இல்ல, கண்ணாடிக்கு உள்ள ஒரு இமை முடி. அத்தையோடதுதான். "அது மட்டும் கடைக்குப் போயிருந்தா எவன் கையிலயோ என் இமை ஓடிக்கிட்டு இருந்திருக்கும்டா"ன்னு அரை மணி நேரம் சிரிச்சுது.

சாவிகொடு ஐயாவுக்கு ஒரு சேதி: தாத்தாவோட அந்த வாட்ச் எங்க வீட்டுலதான் இருக்கு, செல் போட்டும் ஓடல. உள்ள பச்சையா ஏதோ பிடிச்சிருக்கு.

#31 சாவிகொடு · திங்கள், இரவு 10:20

பழைய செல் கசிஞ்சிருக்கும். நீங்க எதையும் சுரண்டாதீங்க, காயில் அறுந்தா அந்த மாடலுக்கு இப்போ சாமான் கிடைக்கிறது கஷ்டம். கடையை மூடிட்டாலும் லென்ஸும் ட்வீசரும் வீட்டுலதான் இருக்கு. அடுத்த மாசம் பெங்களூருக்கு மகன் வீட்டுக்கு வரேன், வழியில ஓசூர்ல இறங்கறேன். தனிமடல்ல நம்பர் அனுப்புங்க. அத்தையும் வீட்டுல இருந்தா நல்லது, ட்வீசர் பிடிக்க இன்னொரு கை வேணும்.